பால் சால்வை

பிஷ்கேக்
2013 ஜூன் 3

அன்புள்ள ரைகான்,

நலமா என்று கேட்டுவிட்டு உடனே நலமில்லாத செய்தியைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் உங்கள் வீட்டில் எடுத்துவந்த ரத்தத்தைச் சோதித்து முடித்துவிட்டோம். உங்கள் மகன் எர்மெக்குக்கு வந்திருப்பது நான் சந்தேகப்பட்ட அதே தசை நோய்தான். தசைக்கு வலுக் கொடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் அவனுக்கு ஒரு துண்டு இல்லை. அதனால்தான் அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றி எழுகிறான். அன்றைக்கு விருந்தாளிகள் அதைப் பார்த்துச் சிரித்தபோது, "நான் மலை ஏறுறேன்" என்று அவன் சொன்னான். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அதுதான் என் காதில் இருந்தது.

குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. இருக்கிறது என்று சொல்லி யாராவது உங்களை ஆடு மாடு விற்கவைத்தால் அடித்துத் துரத்துங்கள். நோயின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. மினிபஸ் டிரைவர் ஜனிபெக்கிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். தினமும் கெண்டைக்காலை நீவிவிட்டு, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடியுங்கள். அழுதாலும் விடாதீர்கள்.

அடுத்தது உங்களைப் பற்றி. அந்தக் குறை உங்கள் ரத்தத்திலும் இருக்கிறது. பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு உண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆண் பிள்ளைக்கு இருப்பது ஒன்றே ஒன்று. நீங்கள் பெறும் மகனுக்கு இந்த நோய் வரவும், மகளாக இருந்தால் உங்களைப் போல் அதைச் சுமக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர் மனப்பாடம். எர்மெக்கூட மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அந்த ஏழுக்குள் பெண் எடுக்காமல் நம் ஜனங்கள் காத்துவருவது நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் இந்த நோய் அம்மா வழியில் வருவது. உங்கள் அம்மாவைப் பெற்றவரின் பெயரைக் கேட்டேன், கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஏழு அம்மாக்களின் பெயர். விசாரித்து எழுதுங்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. உங்கள் நாத்தனார் பெர்மெத்துக்குக் கவலையே இல்லை. அவள் உங்கள் மாமியார் கலிபா அம்மாவின் மகள், அது வேறு வழி. இலையுதிர்காலத்தில் கல்யாணம், பயமிருக்கிறதா என்று கலிபா அம்மா போனில் கேட்டார்கள். தைரியமாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டே மேசை. ஒன்று தசை நோய்களுக்கு, மற்றது ரத்தம் உறையாத நோய்களுக்கு. இரண்டு மேசைக்கும் பதில் எழுதாத குடும்பங்கள்தான் அதிகம். நீங்களும் அப்படிச் செய்தால், வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வேன்.

சயிரா


அட்-பாஷி
ஜூன் 14

டாக்டர் அக்காவுக்கு,

மாத்திரை வந்து சேர்ந்தது. எர்மெக் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிறான். "இதச் சாப்பிட்டா கால்பந்து ஆடலாமா?" என்று கேட்டான். ஆட முடியாது என்றேன். "குதிரை ஓட்டலாமா?" ஓட்டலாம் என்றேன். "அப்ப சரி. குதிரைக்குத்தான் நாலு கால் இருக்கே" என்று போய்விட்டான். நீங்கள் சொன்னபடி காலை நீவிவிடுகிறேன். அழுகிறான். விடுவதில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். என் கணவர் தலாய் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அத்தையின் அங்கிப் பையில் குடியிருக்கிறது. நோய் அம்மா வழியில் வருவது என்று அந்தப் போனில் அத்தையிடம் சொன்னீர்களாமே. அன்றிலிருந்து வருவோர் போவோரிடமெல்லாம், "மருமக பக்கத்து ரத்தம்மா, எங்க பக்கம் எல்லாம் சுத்தம்" என்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். போன வாரம் ஒரு பையனின் அம்மா சமையலறைக்கே வந்து, "ஏன் ரைகான், அது சூப்புல கீப்புல ஒட்டுமா?" என்று கேட்டாள். ஒட்டும், அதனால்தான் உன் மகனுக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொன்னீர்கள். ஆனால் பெர்மெத்தைப் பற்றி ஏன் சொன்னீர்கள்? அதை யார் சொல்லச் சொன்னார்கள்?

எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெரிய தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். பெர்மெத்தைக் காட்டி, இவள் யாருடைய மகள் என்று கேட்டீர்கள். "என் மக" என்றார் அத்தை. அவர் பொய் சொல்லவில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நானும் பொய் சொல்லவில்லை. நீங்கள் வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். எப்படி என்று என்னால் எழுத முடியாது.

எர்மெக்கின் அம்மா
ரைகான்


பிஷ்கேக்
ஜூன் 23

ரைகான்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் நகரத்தில் பிறந்தவள்தான், ஆனால் கிர்கிஸ் வீட்டில் பிறந்தவள். தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டியின் மடியில் போட்டுவிடும் வழக்கம் எனக்குத் தெரியாததா? என் சித்தப்பாவே அப்படி வளர்ந்தவர். சாகிறவரை பெற்ற தாயைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். இதெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்தால் மட்டும் புத்தி வேலை செய்வதில்லை. "யாருடைய மகள்" என்று கேட்டேன். "யார் பெற்றது" என்று கேட்கவில்லை. எனக்கு என் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பெர்மெத்தை நீங்கள் பெற்றீர்களா? ஆமாம், இல்லை, ஒரு சொல் போதும்.

ஆமாம் என்றால் அவள் எர்மெக்கின் அத்தை இல்லை, உடன்பிறந்த அக்கா. அவளுக்குக் கவலை இல்லை என்று நான் சொன்னது சுத்தத் தப்பு. அவளும் சுமக்கிறாளா என்பதை ஒரு சிறு குப்பி ரத்தத்தில் பார்த்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சயிரா


மேய்ச்சல் மலை
ஜூலை 9

அக்கா,

ஆமாம்.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு வெளியே போய், பெண்குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். கோடைக்குக் கூடாரத்தோடு மேலே வந்துவிட்டோம். கீழே போகிறவர் யாராவது கிடைத்தால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு வரும்.

கல்யாணமாகி வந்த வருஷமே பெர்மெத் பிறந்தாள். மாமனார் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அத்தை சுவரைப் பார்த்தபடியே படுத்துக்கிடப்பார். குழந்தைக்கு நாற்பது நாள் நான் பால் கொடுத்தேன். நாற்பது முடிந்ததும் அத்தை எழுந்து வந்து, குழந்தையைக் குளிப்பாட்டித் தன் அங்கிக்குள் செருகிக்கொண்டார். சத்தியம் செய்ய ஒரு ரொட்டியைப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். "இனிமே இவ என் மக. உன் வாயிலருந்து 'என் பொண்ணு'ன்னு வரக் கூடாது" என்றார். வராது என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டவரும் அத்தைதான். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை வந்த பிறகுதான் அந்த மனுஷி சாப்பிடவே ஆரம்பித்தார்.

பெர்மெத் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறாள். அவளுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் கோச்கோர்க்காரர்கள். அவர்களுக்குத் தெரியாது.

போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா உல்ஜான் இங்கே மேலேயே வந்து பெர்மெத்தின் காதில் நிச்சயத் தோடு போட்டுவிட்டார். கூடவே பால் சால்வையும் கொண்டுவந்திருந்தார். பெண்ணுக்குப் பால் கொடுத்த தாய்க்குப் போடுகிற மரியாதை. வெள்ளைச் சால்வை, ஓரத்தில் நீலப் பூ. அதை அத்தையின் தோளில் போட்டார். நான் குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க, என் மக ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. பையனுக்கு வந்தது மருமக பக்கத்துச் சமாச்சாரம்" என்றார் அத்தை, உல்ஜானிடம். உங்கள் வாக்கு, அக்கா. அதைத்தான் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் ஒரு சொல் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். தோடு ஏறிய பெண்ணின் கல்யாணம் நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் தாளில் போட வட்டம் சதுரம் கிடையாது. நான் அந்த ரொட்டியைத் தின்றவள்.

எர்மெக்கின் அம்மா
ரைகான்


பிஷ்கேக்
ஜூலை 20

ரைகான்,

கேட்காதீர்கள் என்றீர்கள். கேட்கத்தான் போகிறேன்.

தலாஸில் ஒரு வீடு எனக்குத் தெரியும். மூத்தவளுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேருக்கும் எர்மெக்கின் நோய். அவளுடைய அம்மாவுக்கு இது முன்பே தெரியும், ஏனென்றால் அவர் தம்பி அப்படித்தான் செத்தார். மகள் கல்யாணம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போது மகள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு போய்விட்டது. நான் போனபோது, "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேனோ, அது வேற. ஆனா எனக்குத் தெரியவே இல்லையே டாக்டர்" என்றாள். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மேசையில் வேலை செய்யும் என் தோழிக்கும் இதே கதைதான். சுன்னத் விருந்தில் ரத்தம் நிற்காமல் செத்த பிள்ளைகளைக் கண்ணேறு என்று சொல்லிப் புதைத்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வருகிறது.

பெர்மெத் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்றோ பிள்ளை பெறக் கூடாது என்றோ நான் சொல்லவே இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் கருவிலேயே பார்க்கலாம், மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், என்ன செய்வது என்று அவளும் அவனும் உட்கார்ந்து பேசலாம். சுமப்பவள் என்றால் அவள் இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த முடிவெல்லாம் அவளுடையது. அவளுக்குப் பதிலாக நீங்களும் ரொட்டியும் முடிவு செய்யக் கூடாது.

நானே வந்து உங்கள் மாமியாரிடம் சொல்லியிருப்பேன். முடியாது. உங்கள் சம்மதமில்லாமல் நீங்கள் எழுதியதை யாரிடமும் சொல்வது என் வேலைக்குச் செய்யும் துரோகம். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் கலிபா அம்மாவுக்குப் போன் செய்தேன். "நீ ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லுவியா?" என்று வைத்துவிட்டார். அதனால் பேச வேண்டியது உங்கள் வாய்தான். வேறு வாய் இல்லை.

அட்-பாஷி மருத்துவமனையில் குல்தான் என்ற நர்ஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன். யார் வந்தாலும் எதுவும் கேட்காமல் ரத்தம் எடுத்து அனுப்புவாள்.

சயிரா


அட்-பாஷி
ஆகஸ்ட் 12

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து எத்தனையோ நாள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தலாஸ்காரி கதையை எழுதியதற்காக உங்களைத் திட்டிக்கொண்டே மாடு கறந்தேன். பிறகு ஒரு நாள் எர்மெக் கூடார வாசலில் விழுந்தான். பெர்மெத் ஓடிவந்து அவனைத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒரு பையன் பொறந்தா உன்ன மாதிரியே வாயாடியா இருக்கணும்டா" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அன்று மதியம் அத்தை பூர்சோக் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பெர்மெத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"ஏன், டாக்டருக்குப் பொழுது போகலையா?"

"அவங்க தெரியாம சொல்லிட்டாங்க அத்தை."

"என்ன தெரியாம?"

"அவள நான் பெத்தேன்னு தெரியாம."

கரண்டி அப்படியே நின்றது. பூர்சோக் கருக ஆரம்பித்தது.

"ரொட்டி தின்னியேடி."

"தின்னேன். இருவது வருஷம் காப்பாத்தினேன். இன்னும் காப்பாத்தினா அவதான் அழுவா. நாளைக்கு ஒரு எர்மெக்க மடியில வச்சுக்கிட்டு அவ, 'உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேட்டா, நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"கல்யாணம் நின்னா? காதுல தோடு ஏறின பொண்ணு! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என் புள்ள எந்திரிக்கறதப் பாத்தே சிரிச்ச ஊருதானே."

"பொறாமைடி உனக்கு. அந்தச் சால்வை என் தோள்ல விழுந்ததுலருந்து உன் கண்ணு அதுமேலயேதான் இருக்கு."

அது முழுப் பொய் இல்லை, அக்கா. "ஆமா, பொறாமைதான். அது வேற, இது வேற" என்றேன்.

அத்தை கரண்டியை வீசினார். என்மேல் இல்லை, நாய்மேல் விழுந்தது. அப்போதுதான் வாசலில் பெர்மெத் வாளியோடு நிற்பதைப் பார்த்தேன். எப்போதிலிருந்து நின்றாளோ. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, ஊசி கையிலயா இடுப்புலயா?" என்று கேட்டாள்.

"கையில."

"அப்ப சரி. இடுப்புலன்னா வரமாட்டேன்."

அத்தை பூர்சோக்கை அப்படியே கருகவிட்டுவிட்டுப் படுக்கைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். முன்பு கிடந்த அதே மாதிரி. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பெர்மெத் ஊட்டினால்கூட வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்து வெளியே வந்தால் அத்தை குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருக்கிறார். "என் மக ஒத்தையா ஊசிக்குப் போகமாட்டா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் பெர்மெத்துக்கு எடுத்து முடித்ததும் அத்தை தன் கையை நீட்டினார். குல்தான், "உங்களுக்குத் தேவையில்லையே அம்மா" என்றாள்.

"அம்மா ரத்தமும் வேணும்னுதானே டாக்டர் சொல்லுவா? நான் அவளுக்கு அம்மா. எடு."

எடுத்துவிட்டாள். மூன்று பேர் ரத்தம் இத்துடன் வருகிறது. எனக்கு உடன்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள், பிள்ளை இல்லாதவள். மூன்றாவது குப்பி அவளுடையது. நானே போய்க் கூட்டிவந்தேன். கலிபா என்று எழுதிய குப்பி உங்களுக்குப் பயன்படாது என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

எர்மெக்கின் அம்மா
ரைகான்


பிஷ்கேக்
செப்டம்பர் 2

அன்புள்ள ரைகான்,

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அது பெர்மெத்துக்கு. ஒட்டியிருக்கிறேன், நீங்கள் திறக்கக் கூடாது. அவள் பெரிய பெண், அது அவளுடைய ரத்தம். உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். நீங்கள் என்னைச் சபிப்பது இங்கேவரை கேட்கிறது. சபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்காவிடம் குறை இல்லை.

கலிபா அம்மாவின் குப்பியைத் தூக்கி எறியவில்லை. பெயர் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சும்மா வைப்பானேன் என்று பக்கத்து அறையில் கொடுத்துப் பார்த்தேன். நல்ல ரத்தம், சர்க்கரைதான் கூடியிருக்கிறது. பூர்சோக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், என் வாக்குக்கு அவரிடம் மதிப்பு போய்விட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிவிட்டேன். போன மாதம் சென்ற எல்லா வீட்டிலும் "யார் பெற்றது, யார் வளர்த்தது" என்று இரண்டையும் கேட்டேன். இரண்டு வீட்டில் என்னை வெளியே போகச் சொன்னார்கள். வாசலிலேயே நின்றேன். ஒரு வீட்டில் திரும்பக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, உண்மையையும் சொன்னார்கள்.

பெர்மெத் என்ன செய்தாலும் எனக்கு எழுதுங்கள். தூக்கம் வரவில்லை.

சயிரா


அட்-பாஷி
செப்டம்பர் 21

அன்புள்ள சயிரா அக்கா,

உறையை நான் திறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். தாளை நீங்கள் இரண்டாக மடித்துவைத்திருந்தீர்கள்.

பெர்மெத் அதைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தாள். உள்ளே வந்து எர்மெக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு சொன்னாள், "அண்ணி, எனக்கும் இருக்கு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "நாளைக்குக் கோச்கோர் போறேன். தோட்டைக் கழட்டி அவங்க கையில குடுத்துட்டுத்தான் சொல்லணும். காதுல போட்டுக்கிட்டே சொன்னா கெஞ்சற மாதிரி இருக்கும்" என்றாள். தனியாகப் போக வேண்டாம் என்றேன். காலையில் பார்த்தால் அத்தை ஏற்கெனவே பால் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். எர்மெக்கைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஜனிபெக்கின் மினிபஸ்ஸில் மூவரும் போனோம்.

உல்ஜான் விரிப்பு நிறைய ரொட்டியும் வெண்ணெயுமாகப் பரப்பிவைத்திருந்தார். பெர்மெத் உட்காரவில்லை. தோடு இரண்டையும் கழற்றி ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எர்மெக்கோட நோய் என் ரத்தத்துல இருக்கு. எனக்கு நோய் வராது, இதயத்த மட்டும் அப்பப்ப பாத்துக்கணும். எனக்குப் பையன் பொறந்தா அவனுக்கு வரலாம், வராமலும் போகலாம். முன்னாடியே பாத்துக்க வழி இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. மாப்பிள்ளை மிர்லான் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

உல்ஜான் அத்தையைத்தான் பார்த்தார். "மருமக பக்கத்து ரத்தம்னுதானே சொன்னீங்க சம்பந்தி? உங்க மகளுக்கு எப்படி வந்துச்சு? இவளப் பெத்தது யாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு முறை சொல்லியாயிற்று. அடுத்தவர் விரிப்பில் உட்கார்ந்துகொண்டு அத்தையின் தோளிலிருந்து அந்தச் சால்வையை உருவ என்னால் முடியவில்லை.

அத்தை என் பக்கம் கையை நீட்டினார்.

"இவ. பெத்தவ இவ. வளத்தது நான். உன்கிட்ட மறச்சதும் நான்தான், இவ இல்ல. திட்டறதுன்னா என்னைத் திட்டு."

உல்ஜான் திட்டவில்லை. கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார், "உனக்கு ஒரு மாமன் இருந்தான், தெரியுமா? என் தம்பி. சுன்னத் விருந்தன்னைக்குக் காலையில சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ஓடியாடிட்டு இருந்தான். ரத்தம் நிக்கல. வந்தவங்க சாப்பிட்ட கறிச்சட்டிய நாங்க கழுவறதுக்குள்ள போயிட்டான். கண்ணேறுன்னு சொன்னாங்க. எங்க பெரியம்மா பேரனும் அதே மாதிரி. கல்யாணத்தப்ப உங்க அப்பா வீட்டுல நான் மூச்சு விடல." என்னிடம் திரும்பினார். "எனக்குக் கட்டிக்குடுத்த பொண்ணு ரெண்டு இருக்கு. மூத்தவ இப்ப முழுகாம இருக்கா. உங்க டாக்டர் அதுக்கும் பாப்பாங்களா?"

"ரெண்டாவது மேசை அதுக்குத்தான்" என்றேன். உங்கள் முகவரியை அவர் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மகளோடு வருவார். ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், உங்கள் கடிதங்களில் மாதிரி அதட்டாதீர்கள்.

தோடு அதுவரை ரொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மிர்லான் வாயில் இருந்ததை ஒரு வழியாக விழுங்கிவிட்டு, "அம்மா, அதை எடுத்து அவகிட்ட குடும்மா. காது தூந்துபோயிடும்" என்றான். அவ்வளவுதான் பேசினான். பெர்மெத் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முதல்ல என்கூட டாக்டர்கிட்ட வா. அவங்க சொல்றத எல்லாம் கேளு. அப்புறம் நீயே போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுத் தோட்டைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவர்களும் வருவார்கள். கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

நீங்கள் ஏழு அம்மாக்களைக் கேட்டீர்கள். என் அக்காவும் நானும் தேடியதில் மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா சகின். அவரைப் பெற்றவர் புபைஷா. அவரைப் பெற்றவர் துர்சுன். துர்சுனுக்கு நடக்காத ஒரு மகன் இருந்தானாம். மேய்ச்சலுக்கு இடம் மாறும்போதெல்லாம் அவனைக் குதிரையில் கட்டி ஏற்றிக்கொண்டு போவாராம். மீதியையும் தேடுவேன்.

உங்கள் பெரிய தாளில் என்னிடமிருந்து பெர்மெத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அத்தையிடமிருந்து போட்ட கோட்டை அழிக்க வேண்டாம். பெர்மெத் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். நாக்குப் பழகிவிட்டது, மாத்த வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இன்னும் ஒன்று. திரும்பி வரும்போது கணவாயில் பனி தூற ஆரம்பித்துவிட்டது. ஜனிபெக்கின் வண்டியில் வெப்பக் கருவி வேலை செய்வதில்லை, உங்களுக்கே தெரியும். அத்தை எனக்கு முன் இருக்கையில் இருந்தார். கணவாய் தாண்டியதும் சால்வையை அவிழ்த்துப் பின்னால் என் மடியில் போட்டார்.

"போட்டுக்க. நாப்பது நாள் குடுத்தது நீதானே."

"நீங்க இருவது வருஷம் வளத்தீங்க அத்தை."

"அதுக்கு உல்ஜான்கிட்ட வேற வாங்கிக்கறேன். பேசாம போர்த்திக்க, உனக்கு மூக்கு ஒழுகுது."

போர்த்திக்கொண்டேன். இதை எழுதும்போதும் தோளில்தான் இருக்கிறது.

பெர்மெத்துக்கும் எர்மெக்குக்கும் அம்மா
ரைகான்